பழைய மரம் நிற்கட்டுமே!

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு முதலில் ஒரு கேள்வி. முப்பது வயது தாண்டிய கித்தா மரம் ஒன்று நிற்கிறது. இரு பக்கப் பட்டையும் வெட்டியாகிவிட்டது. மீண்டும் வளர்ந்த மறுபட்டையும் வெட்டியாகிவிட்டது. இப்போது ஏணி வைத்து மேலே வெட்டுகிறார்கள். மங்கில் பாதிகூட நிறைவதில்லை. இந்த மரத்தை என்ன செய்யலாம்?

"சாய்த்துவிட்டுப் புதுக் கன்று வைக்க வேண்டியதுதான்" என்பீர்கள். சரி, வையுங்கள். அந்தக் கன்று பால் கொடுக்க ஆறேழு வருஷம் ஆகும். அதுவரைக்கும் அந்த நிரையில் வெட்டிக்கொண்டிருந்தவன் வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும்?

இதே கேள்வியை என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் என் மகளைப் பார்த்துக் கேட்க வேண்டியதாயிற்று. மரத்தைப் பற்றி வந்த பேச்சு அன்று அது. கணினியில் ஓடுகிற ஒரு சின்ன நிரலைப் பற்றி என்று சொன்னால் சிரிப்பீர்கள். முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

நான் சிலிம் ரிவர் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவன். அப்பா பால்மரம் வெட்டியவர். நான் நாலெழுத்துப் படித்ததனால் ஆபீசில் கிராணி வேலைக்குப் போனேன். இப்போது ஓய்வு பெற்று டவுனில் ஒரு தாமானில் இருக்கிறேன். 1997-இல் ஈப்போவில் கைமாறிய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கினேன். அப்பாவுக்கு அப்போது கண் மங்கிவிட்டது. வாய் மட்டும் மங்கவில்லை. ராத்திரி சாப்பிட்ட பிறகு அவர் பழங்கதை சொல்ல, நான் தட்டச்சு செய்வேன். பிரட்டுக்குப் போனது, கங்காணியிடம் ஏச்சு வாங்கியது, ஒட்டுப்பால் பொறுக்கியது, ஜப்பான்காரன் வந்தது எல்லாம் வந்தது. திருத்தாமல், அவர் பேசின லயத்துப் பேச்சாகவே அடித்து வைத்தேன். 2001-இல் அவர் காலமானார். அவருடைய குரலாக எனக்கு மிஞ்சியது சில டிஸ்கெட்டுகள்தான்.

அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துருவைப் பற்றிச் சிறிது சொன்னால்தான் மேலே கதை புரியும். கணினிக்குத் தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்து இருந்த இடத்தில் தமிழ் எழுத்தின் உருவத்தை வரைந்து வைத்து நம் கண்ணை ஏமாற்றினார்கள். வெளியே தெரிவது தமிழ், உள்ளே கிடப்பது ஆங்கிலம். அதற்கும் ஒரே முறை இல்லை. நம் நாட்டு முத்து நெடுமாறன் 1985-இல் முரசு மென்பொருளைத் தொடங்கினார். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் சிங்கப்பூரிலும் வேறு வேறு பேர் வேறு வேறு முறை வகுத்தார்கள். இந்த வீட்டுச் சாவி அந்த வீட்டுப் பூட்டுக்குச் சேராது. 1997-இல் சிங்கப்பூரிலும், 1999-இல் சென்னையிலும், 2001-இல் நம் கோலாலம்பூரிலும் அறிஞர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். கடைசியில் உலகம் முழுவதற்கும் பொதுவான யூனிகோடுக்கு எல்லோரும் வந்து சேர்ந்தோம். அதில் தமிழ் எழுத்துக்கும் குறிக்கும் சொந்த எண் உண்டு. இன்று உங்கள் கைப்பேசியில் தமிழ் தெரிவது அதனால்தான்.

நல்லதுதான் நடந்தது. ஆனால் என் அப்பாவின் கதை பழைய பூட்டுக்குள் மாட்டிக்கொண்டது. புதுக் கணினியில் திறந்தபோது, களத்தில் நெல்லைச் சிந்தினாற்போல ஆங்கில எழுத்துகள் சிதறிக் கிடந்தன. மகள்தான் இணையத்திலிருந்து ஒரு மாற்றி நிரலை இறக்கி, அத்தனை பக்கத்தையும் ஒரே மாலையில் யூனிகோட் தமிழாக்கித் தந்தாள். நான் திரையைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அப்பா பேசினார்.

"இது என்ன விலைம்மா?" என்றேன்.

"காசு இல்லப்பா. திறந்த மூல மென்பொருள்."

அப்படியென்றால் என்னவென்று உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். கடையில் வாங்குகிற மென்பொருள் ஓட்டலில் சாப்பிடுகிற மீன் கறி மாதிரி. ருசிக்கலாம், பக்குவம் கேட்கக் கூடாது. திறந்த மூலம் என்றால் பக்குவத்தை அடுப்படிச் சுவரில் எழுதி வைத்துவிடுவது. யார் வேண்டுமானாலும் சமைக்கலாம், புளி கூட்டலாம், குறைக்கலாம், அக்கம்பக்கத்துக்கும் சொல்லலாம். இந்த மாற்றி நிரலை இப்படி எழுதி வைத்தவர் இலங்கையில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். பெயர் வேண்டாம், அவர் விரும்பமாட்டார். பகலில் பாடம், இரவில் இந்த நிரலுக்குப் பராமரிப்பு. பத்து வருஷத்துக்கு மேல் ஒற்றை ஆளாக, சம்பளம் இல்லாமல் பார்த்திருக்கிறார்.

என் மகளுக்குக் கோலாலம்பூரில் ஒரு கம்பெனியில் கணினி வேலை. என் காரியம் முடிந்த பிறகும் அவள் அந்த நிரலை விடவில்லை. சென்னையிலும் கனடாவிலும் இருக்கிற நாலைந்து இளைஞர்களோடு சேர்ந்து அதில் கைவைக்க ஆரம்பித்தாள். ஆரம்பித்த மூன்றாம் வாரம் வீட்டுக்கு வந்தபோது சொன்னாள்:

"அப்பா, அந்தப் பழைய புரோகிராமைத் திறந்து பார்த்தா உங்களுக்கே அழுகை வரும். ஒட்டு மேல ஒட்டு. எது எதுக்குன்னே தெரியல. அதைத் தூக்கிப் போட்டுட்டு நாங்க புதுசா எழுதப் போறோம்."

அப்போதுதான் நான் கித்தா மரத்துக் கேள்வியைக் கேட்டேன். அவள், "இது மரம் இல்லப்பா" என்று சொல்லிச் சோற்றைப் பிசைந்தாள்.

அவள் பக்கத்து நியாயத்தை மறைக்கக் கூடாது. அந்த நிரல் எழுதப்பட்டது பைத்தான் என்னும் கணினி மொழியின் இரண்டாம் பதிப்பில். அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. அதன் பிறகு அதில் ஓட்டை கண்டாலும் அடைக்க ஆள் இல்லை. புதுக் கணினிகளில் அதை ஓட வைப்பதே பெரும்பாடு. பழசைக் கட்டிக்கொண்டு அழுவது பக்தி ஆகாது என்று மகள் சொன்னது சரிதான்.

ஆனால் அந்தப் பைத்தான் மொழிக்காரர்களே எப்படிச் செய்தார்கள் என்று அவளிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். மூன்றாம் பதிப்பு 2008 டிசம்பரில் வெளிவந்தது. தமிழ் போன்ற எழுத்துகளைக் கையாளுவதில் அது மிக நல்ல மாற்றம்; ஆனால் இரண்டாம் பதிப்பில் எழுதியது அதில் அப்படியே ஓடாது. உடனே பழசை வெட்டிச் சாய்த்தார்களா? 2015-இல் நிறுத்துவதாக இருந்ததை, இன்னும் ஏராளமான பேர் பழசிலேயே இருக்கிறார்கள் என்று கண்டு, 2014-இல் மேலும் ஐந்து வருஷம் தள்ளிவைத்தார்கள். ஆக, பதினோரு வருஷம் பழைய மரமும் பால் கொடுத்தது, புதுக் கன்றும் வளர்ந்தது.

எங்கள் தோட்டத்திலும் இப்படித்தான். ஒரே வருஷத்தில் எல்லா மரத்தையும் சாய்த்ததாக எனக்கு நினைவில்லை. தீம்பார் தீம்பாராகத்தான் மறுநடவு. இங்கே சாய்த்தால் அங்கே வெட்டு நடக்கும். துரைமார்களுக்கு நம் மேல் பாசம் என்று எண்ணிவிடாதீர்கள். ஸ்டோருக்குப் பால் வருவது நின்றால் அவர்களுக்கும் நஷ்டம்.

ஒட்டுமொத்தமாகச் சாய்த்தவர்கள் கதையும் உண்டு. இணையம் வந்த புதிதில் நெட்ஸ்கேப் என்ற உலாவியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1998 மார்ச்சில் அதன் மூலத்தை உலகுக்குத் திறந்து விட்டார்கள். திறந்து பார்த்தால் உள்ளே ஒட்டு மேல் ஒட்டு. அந்த வருஷ முடிவுக்குள் அதை ஒதுக்கிவிட்டுப் புதிதாக எழுதத் தீர்மானித்தார்கள். அடுத்த பெரிய பதிப்பு கடைக்கு வந்தபோது 2000 நவம்பர். அதுவும் அரைவேக்காடு. அந்த இடைவெளியில் மைக்ரோசாஃப்ட்டின் உலாவி சந்தையை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அந்தக் கன்று வீணாகவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அது மொசில்லாவாகி, 2004 நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் ஆனது. ஆனால் அதற்குள் நெட்ஸ்கேப் வேறொருவர் கைக்கு மாறித் தேய்ந்துவிட்டது. நட்டவன் ஒருவன், வெட்டிப் பாலெடுத்தவன் வேறொருவன்.

இதையெல்லாம் நான் மகளிடம் சொல்லவில்லை. அவளுக்குத்தான் என்னைவிட நன்றாகத் தெரியுமே! அவர்கள் எழுதினார்கள். மூன்றே மாதத்தில் புது நிரல் தயார். பழசில் ஆயிரக்கணக்கான வரி. புதிதில் அதில் கால்வாசி. படிப்பதற்குத் தேவாரம் போல இருக்கிறதாம். முதலில் ஓட்டிப் பார்க்க அப்பாவின் கதையையே எடுத்துக்கொண்டார்கள்.

வெள்ளி போய்விட்டது.

விளையாட்டாகச் சொல்லவில்லை. அப்பா சம்பளக் கணக்குச் சொன்ன இடத்திலெல்லாம் 'வெள்ளி' என்று இருந்தது 'வௌ்ளி' என்று உடைந்து கிடந்தது. சிலிம் ஆற்றில் வெள்ளம் வந்ததைச் சொன்ன பக்கத்தில் 'வௌ்ளம்'. 'வெளியே' இருந்த இடத்தில் 'வௌியே'. நீங்களும் சில பழைய கட்டுரைகளை இணையத்தில் படிக்கும்போது இந்த உடைசலைப் பார்த்திருக்கலாம். காரணம் இதுதான். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் 'ள' என்ற எழுத்துக்கும், 'கௌ' என்பதில் பின்னால் வருகிற குறிக்கும் ஒரே விசை. தட்டச்சுப்பொறிக் காலத்துச் சிக்கனம். கொம்பு போட்டு, ஒரு எழுத்துப் போட்டு, பின்னால் 'ள' வந்தால் அது கௌரியா, வெள்ளியா? நம் கண்ணுக்குத் தெரியும். இயந்திரத்துக்குச் சொல்லிக் கொடுத்தால்தான் தெரியும். பழைய நிரலுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். புதியதற்குச் சொல்ல மறந்துவிட்டார்கள்.

மகள் முகம் சுண்டிவிட்டது. ஆனால் கெட்டிக்காரி. அன்றிரவே சரிசெய்தாள். அந்த 'ள'வுக்குப் பின்னால் புள்ளியோ வேறு குறியோ வந்தால் அது எழுத்து, வராவிட்டால் ஔகாரம். ஒரே ஒரு விதி, ஒரே ஒரு வரி. வெள்ளியும் வந்தது, வெள்ளமும் வந்தது, கௌரியும் கெடவில்லை. "பார்த்தீங்களா? பழசில் இதுக்கு எவ்வளவு பெரிய பட்டியல் வச்சிருந்தாங்க தெரியுமா?" என்றாள். நானும் பாராட்டினேன்.

பிறகு நிதானமாக, முதல் பக்கத்திலிருந்து படித்தேன். நாலாம் பக்கத்தில் அப்பா விடியற்காலையில் பிரட்டுக்குப் புறப்படுகிறார். 'வெளக்கு எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டோம்' என்று நான் அடித்தது, 'வௌக்கு எடுத்துக்கிட்டுக் கௌம்பிட்டோம்' என்று நின்றது.

விளக்கு, கிளம்பு என்று படித்தவர்கள் எழுதுகிற தமிழாக இருந்தால் தொல்லையே இல்லை. லயத்துப் பேச்சில் அவை வெளக்கு, கெளம்பு. பின்னால் புள்ளியும் இல்லை, குறியும் இல்லை. மகளின் அழகான விதிக்கு அது அகப்படாது. எந்த விதிக்கும் அகப்படாது. இந்தச் சொல் இப்படித்தான் என்று ஒருவர் தெரிந்து எழுதிவைத்தால் ஒழிய வேறு வழியே கிடையாது.

பழைய நிரலை மறுபடி திறந்தோம். அவள் ஒட்டு என்று சொல்லி ஒதுக்கிய பட்டியலில் இருந்தது: வெளக்கு, வெளயாட்டு, கெளம்பு. இன்னும் எத்தனையோ. எல்லாம் நம் சனங்கள் வாயிலிருந்து வந்த சொற்கள். எவரோ ஒவ்வொன்றாகச் சேர்த்திருக்கிறார். மகள் அந்த ஆசிரியருக்குப் போன் போட்டாள். அதுவரை அவர்களுக்குள் கடிதப் போக்குவரத்துத்தான். அதுவும் ஒரு வருஷமாக அவர் பதில் போடவில்லை என்று பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கோபம் வேறு. போனில் அவர் சொன்னாராம்: மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒருவர் தன் பாட்டியின் தாலாட்டை மாற்றிப் பார்த்துவிட்டு, எந்தெந்தச் சொல் உடைகிறது என்று எழுதி அனுப்பினார், அதிலிருந்து வந்த பட்டியல் அது என்று. பதில் போடாததற்குக் காரணம், மனைவிக்கு உடல்நலமில்லை.

வாசகர்களே, நிரலில் ஒட்டு என்று நாம் பழிக்கிறோமே, அது பால்மரத்தின் பட்டையில் இருக்கிற பழைய காயம் மாதிரி. ஒவ்வொரு காயத்துக்கும் ஒரு நாள் உண்டு, ஒரு கை உண்டு. அதைத் தடவிப் பார்க்கத் தெரிந்தவன்தான் அடுத்த வெட்டை எங்கே போடலாம் என்று சொல்வான். புதுக் கன்றின் பட்டை வழவழப்பாக இருப்பது, அதன் மேல் இன்னும் ஒருத்தரும் கத்தி வைக்கவில்லை என்பதால்தான்.

மாற்று என்று வருவது பழையதின் வேலையையே செய்யும் என்ற நம்பிக்கையும் எனக்குக் குறைவு. கித்தாவைச் சாய்த்தபோது அங்கே மீண்டும் கித்தாவா வந்தது? பல இடங்களில் செம்பனை வந்தது. அதற்கு அத்தனை ஆள் வேண்டாம். லயத்தைக் காலி செய்துகொண்டு போனவர்கள் நாம்தானே? கம்பெனிக் கணக்கில் அதன் பெயரும் மறுநடவுதான்.

ஆனால் பழசு, பழசு என்று நிற்பதிலும் ஆபத்து உண்டு. அதையும் சொல்கிறேன். நம் கோயில்களைப் பாருங்கள். புதுக் கோபுரம் கட்டுகிறோம் என்றால் ஆயிரம் ஆயிரமாய் வந்து விழும்; கல்லில் பெயர் வெட்டுவார்கள் அல்லவா? அன்றாடம் விளக்குக்கு எண்ணெய் என்று நோட்டை நீட்டினால் எல்லோருக்கும் அவசர வேலை வந்துவிடும். மென்பொருள் உலகத்திலும் அதே கதைதான். புதிதாக ஒன்று செய்தவனுக்கு மாலை. இருபது வருஷமாக எண்ணெய் ஊற்றுகிறவன் யாரென்றே தெரியாது.

எக்ஸ்இசட் என்று ஒரு திறந்த மூல நிரல். தகவல்களைச் சுருக்கி வைக்கிற வேலை அதற்கு. உலகமெங்கும் லினக்ஸ் ஓடுகிற கணினிகளில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. அதைப் பல வருஷமாகப் பார்த்துவந்தவர் ஃபின்லாந்து நாட்டில் ஒரே ஒருவர். சம்பளம் கிடையாது. 2022-இல் அவர், தன் மனநலம் சரியில்லை, இது கூலியில்லாத பொழுதுபோக்கு வேலை என்று வெளிப்படையாகவே எழுதினார். அந்தச் சமயத்தில், "ஏன் இவ்வளவு தாமதம்? முடியாவிட்டால் வேறொருவரிடம் கொடுங்கள்" என்று முன்பின் தெரியாத பெயர்களிலிருந்து அவருக்கு நெருக்கடி. பக்கத்திலேயே ஒரு நல்ல பிள்ளை, ஜியா டான் என்ற பெயரில், ஒத்தாசைக்கு வந்து நின்றது. இரண்டு வருஷத்துக்கு மேல் பொறுமையாக உழைத்து நம்பிக்கையைச் சம்பாதித்துச் சாவியையும் வாங்கிக்கொண்டது. 2024 தொடக்கத்தில் அந்தப் பிள்ளை வெளியிட்ட பதிப்புகளுக்குள் ஒரு கள்ளக் கதவு இருந்தது. அதன் வழியாகக் கணினிகளுக்குள் வெளியாள் நுழையலாம். மார்ச் கடைசியில் ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர், தன் கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று சந்தேகப்பட்டுத் தோண்டிப் பார்த்ததால் உலகம் தப்பியது. அரை விநாடி! நாம் என்றால் கொட்டாவி விட்டிருப்போம்.

இதைக் கேட்டதும் எனக்கு நம் ஊர் ஞாபகம் வந்தது. 1942 ஜனவரி 7-ஆம் தேதி விடியற்காலை, துரோலாக்கிலிருந்து சிலிம் ரிவர் வரைக்கும் பெரிய ரோட்டில் ஜப்பான்காரர்களின் டாங்கிகள் வந்தன. பிரிட்டிஷ்காரர்கள் ரோட்டில் தடை போட்டுக் காத்திருந்தார்கள். ஆனால் அந்த ரோட்டை முன்னொரு காலத்தில் நேராக்கியபோது, விட்டுவிட்ட பழைய வளைவுகள் கித்தா மரங்களுக்கிடையே அப்படியே கிடந்தன. யாரும் போகாத ரோடு, யாரும் காவல் வைக்காத ரோடு. டாங்கிகள் அதன் வழியே புகுந்து, தடைக்குப் பின்னால் வந்து ஏறிவிட்டன. சில மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. நான்கே நாளில், ஜனவரி 11-ஆம் தேதி கோலாலம்பூர் விழுந்தது. புது ரோடு போட்டதில் தப்பில்லை. பழைய ரோட்டை மூடவும் இல்லை, காக்கவும் இல்லை.

மகளின் குழுவில் இதெல்லாம் வைத்துப் பெரிய வாக்குவாதமே நடந்திருக்கிறது. ஒருவர், பழைய நிரலையே புதுப் பைத்தானுக்கு வரி வரியாக மாற்றுவோம் என்றார். இன்னொருவர், புதியதே போதும், லயத்துப் பேச்சை எத்தனை பேர் மாற்றப் போகிறார்கள் என்றார். (அவரை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். அவருக்கும் வேலை, குடும்பம், தூக்கம் உண்டு.) என்னைக் கேட்டார்கள் என்று நினைக்காதீர்கள். கிராணியை யார் கேட்பார்கள்? சாப்பாட்டு மேசையில் என் வாயை அடைக்க முடியாததால் என் கருத்தும் போய்ச் சேர்ந்தது.

கடைசியில் இப்படித் தீர்மானம் ஆனது. உடம்பு புதிது, பழைய பட்டியல் ஒரு சொல் விடாமல் அதற்குள் வரும். புதியதும் பழையதும் ஒரே பக்கத்தை மாற்ற வேண்டும்; இரண்டு விடையும் ஒத்துப்போகாத இடத்தில் மனிதர் பார்க்க வேண்டும். அதுவரைக்கும் பழைய நிரலை எடுக்கக் கூடாது. பொறுப்பு இனி ஒற்றை ஆளிடம் இருக்காது, மூன்று பேர் மாறி மாறிப் பார்ப்பார்கள். அந்த ஆசிரியரும் மூவரில் ஒருவராக, முடிந்தபோது.

இது என்னவோ நாங்கள் கண்டுபிடித்த புதுமை என்று எண்ணவேண்டாம். மதுரைத் திட்டத்தார் எப்போதோ செய்துகாட்டியதுதான். 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் இருக்கும் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய தொண்டு அது. உலகமெங்கும் உள்ள தமிழர்கள் சங்க இலக்கியம் முதற்கொண்டு கையால் தட்டச்சு செய்து இலவசமாக வைத்தார்கள். முதலில் திஸ்கி போன்ற பழைய முறைகள், பிறகு யூனிகோட். மாறியபோது, அடித்ததை எறிந்துவிட்டு மறுபடி அடிக்கவில்லை. மாற்றினார்கள், திருத்தினார்கள், இரண்டு வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். லினக்ஸில் தமிழ் தட்டச்சு செய்கிறவர்களுக்கு இன்னொரு உதாரணம் தெரிந்திருக்கும். முன்பு ஸ்கிம் என்ற நிரல், பிறகு அதற்குப் பதிலாக ஐபஸ் வந்தது. ஆனால் தமிழ்99 விசைப்பலகைக்கான அட்டவணை, எம்17என் என்ற பழைய பன்மொழி நூலகத்திலிருந்து இரண்டுக்கும் கைகொடுத்தது. கத்திக்குப் பிடியை மாற்றினார்கள், அலகை மாற்றவில்லை. அந்த நூலகத்தை உருவாக்கியவர்கள் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் என்று மகள் சொன்னபோது, அப்பா இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது எனக்கும் ஒரு வேலை கிடைத்திருக்கிறது. கூலி கிடையாது. சனிக்கிழமைதோறும் அப்பாவின் கதையில் பத்துப் பக்கம், பழைய நிரல் மாற்றியதையும் புது நிரல் மாற்றியதையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். வேறுபட்ட சொல்லைத் தாளில் எழுதி மகளுக்குச் சொல்ல வேண்டும். கண்ணாடியை இரண்டு தடவை மாற்றிவிட்டேன். பாதிக் கதைதான் முடிந்திருக்கிறது. நடுவில் படிப்பதை மறந்து கதையில் மூழ்கிவிடுவதும் உண்டு. அப்புறம் திரும்பப் போக வேண்டும்.

போன சனிக்கிழமை ஜப்பான்காரன் வந்த பக்கத்துக்கு வந்தேன். அப்பாவுக்கு அப்போது பதினொரு வயது. ராத்திரி முழுக்க ரோட்டுப் பக்கம் இரைச்சல். பாட்டி எல்லாப் பிள்ளைகளையும் லயத்துக்குள் இழுத்துப் போட்டுக் கதவைச் சாத்துகிறாள். 'ஆயா வெளக்க அணச்சிட்டு எங்க வாயப் பொத்திக்கிட்டாங்க' என்று அப்பா சொல்லியிருந்தார். பழைய நிரல் அதைச் சரியாகக் கொடுத்தது. புதியதில் 'வௌக்க' என்று நின்றது.

மகளுக்குப் போன் போட்டேன். மணி பத்துக்கு மேல். எடுத்தாள்.

"என்னப்பா, உடம்புக்கு ஏதும்?"

"ஒண்ணும் இல்லம்மா. வெளக்கு வருது. வெளக்க வரல."

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்டது.

"பட்டியல்ல 'வெளக்கு'ன்னு முழுச் சொல்லாத் தேடச் சொல்லிட்டேன்பா, தப்பு என்னோடதுதான்" என்றாள். "'வெளக்'ன்னு ஆரம்பிக்கிற எல்லாத்தையும் எடுத்துக்கச் சொல்றேன். வேற என்ன இருக்கு, சொல்லுங்க."

நான் தாளைப் பிரித்தேன்.